குழந்தைக்கு எந்த டிவி: கேபிளா, யூடியூபா, காசு கட்டும் ஓடிடியா?

"அக்கா, கேபிளை நிறுத்திட்டு ஓடிடி மட்டும் வச்சுக்கிட்டா பசங்களுக்கு விளம்பரத் தொல்லை இருக்காதுல்ல?" என்று தங்கை கேட்டாள். அவளுக்கு ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். தெரிந்தவர்கள் பலரும் இதையே கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேபிளை நிறுத்தினால் மட்டும் விளம்பரம் குறைந்துவிடாது, பல வீடுகளில் கூடத்தான் செய்கிறது. கேபிள் போன இடத்துக்கு எது வருகிறது, அது யாருடைய கணக்கில் ஓடுகிறது, பிள்ளைக்கு என்ன வயது என்று மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வயதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் அதைப் பொறுத்ததுதான். அமெரிக்க உளவியல் சங்கம் ஒரு குழு போட்டு, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, நாலைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்று பிரித்துப் பார்க்கவே சரியாக வராது. பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகும் ஏழெட்டு வயது வரை, 'இவங்க நம்மகிட்ட எதையோ விக்கப் பாக்குறாங்க' என்பது புரியாது, சொல்வதை அப்படியே நம்பிவிடும். ஸ்வீடனில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்து டிவியில் விளம்பரமே போடக் கூடாது என்று 1991 முதல் தடை இருக்கிறது, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1980-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் அப்படி முழுத் தடை கிடையாது. அதாவது தங்கை வீட்டு இரண்டு பிள்ளைகளுமே விளம்பரத்தை எதிர்த்து யோசிக்க முடியாத வயதில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் பெரியவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு எது என்று கேட்டால், நம் வீடுகளில் ரொம்பச் சாதாரணமாக இருப்பதைத்தான் சொல்வேன்: டிவியில் யூடியூப், அதில் அப்பாவின் ஜிமெயில் கணக்கு, காசு கட்டாத இலவச வடிவம். டிவி வாங்கிய அன்று செட்டப் செய்தவர் போனில் என்ன கணக்கு இருந்ததோ அதுவே வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். வரும் விளம்பரங்கள் அப்பா எதைத் தேடினார், எதைப் பார்த்தார் என்பதை வைத்து வருகின்றன. கடன் ஆப், பேய்ப் பட டிரெய்லர், மெட்ரிமோனி, நகைச்சீட்டு எல்லாம் கார்ட்டூனைப் பார்க்க உட்கார்ந்த பிள்ளையின் முன்னால் ஓடும்.

'குழந்தைகள் வீடியோவுக்குத் தனி விதி இருக்கே' என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் சேகரித்ததாக அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசியும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலும் போட்ட வழக்கில் 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன் தொடர்ச்சியாக 2020 ஜனவரி முதல், 'குழந்தைகளுக்கானது' என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் பார்ப்பவரின் பழக்கத்தை வைத்து விளம்பரம் காட்டுவதில்லை. ஆனால் அந்தக் குறியை முதலில் போடுவது வீடியோவை ஏற்றுகிறவர். ஏற்றியவர் போடாமல் விட்டு, யூடியூபும் கவனிக்காவிட்டால் அந்த வீடியோவுக்கு விதியே பொருந்தாது. 2025 செப்டம்பரில் டிஸ்னி நிறுவனமே தன் வீடியோக்கள் சிலவற்றில் இந்தக் குறியைச் சரியாகப் போடவில்லை என்ற புகாருக்காக 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இப்படியென்றால் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சேனல்களில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, நம் பிள்ளைகள் குழந்தை வீடியோவை மட்டுமா பார்க்கிறார்கள்? சினிமாப் பாட்டு, காமெடி, கேம் விளையாடும் வீடியோ, கிராமத்துச் சமையல், சவால் வீடியோ எல்லாம் பார்க்கிறார்கள், அவை எதற்கும் அந்தக் குறி இருக்காது.

தங்கை பையன் யூடியூப் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். விளம்பரம் வந்ததுமே மூலையில் எண் ஓடுவதைக் கண்டுபிடித்துவிடுகிறான். எழுத்துத் தெரியாது, ஆனால் ரிமோட்டின் நடு பட்டனில் கட்டைவிரலை வைத்துக் காத்திருந்து, 'ஸ்கிப்' வந்த நொடியில் அழுத்துகிறான். சரி, சாமர்த்தியம்தான் என்று நினைத்தேன். அடுத்து ஸ்கிப் வராத விளம்பரம் ஒன்று வந்தது. நாலைந்து தரம் அழுத்திப் பார்த்தான், பிறகு கையை எடுத்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு பார்க்க ஆரம்பித்துவிட்டான். சாக்லேட் பிஸ்கட் விளம்பரம். பட்டனை அழுத்தக் கற்றுக்கொண்டான் என்பதற்காக அது விளம்பரம் என்று அவனுக்குத் தெரியும் என்று ஆகிவிடாது.

இதற்கு அடுத்த படி யூடியூப் கிட்ஸ், இந்தியாவில் 2016 முதல் கிடைக்கிறது, இலவசம். இதில் விளம்பரமே இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தவறு, விளம்பரம் உண்டு. ஆனால் தின்பண்டம், குளிர்பானம் உள்ளிட்ட உணவு விளம்பரங்களுக்கு அனுமதி இல்லை, விளம்பரத்தைத் தொட்டு வேறு தளத்துக்குப் போகவும் முடியாது, காசு வாங்கிச் செய்த விளம்பர வீடியோ என்று சேனலே அறிவித்திருந்தால் அது இங்கே காட்டப்படாது. இவையெல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் இதன் உண்மையான பலம் வேறு ஓர் இடத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு: பெற்றோர் தேர்ந்தெடுத்த சேனல்களையும் வீடியோக்களையும் மட்டும் காட்டு என்று வைத்துவிடலாம். அப்படி வைத்துவிட்டால் தேடும் வசதியே மறைந்துவிடும், நீங்கள் அனுமதித்தது மட்டும்தான் ஓடும். சென்னையிலிருந்து வரும் சுசு டிவியின் தமிழ்ப் பாட்டுகள், நாலைந்து கதை சேனல்கள், விலங்குகள் பற்றிய ஏதாவது ஒன்று என்று ஒரு தடவை உட்கார்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகப் போதும், சின்னப் பிள்ளைகள் பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பதைத்தான் விரும்புவார்கள். குறை என்னவென்றால் செட்டப் செய்ய அரைமணி நேரம் போன் மீது தலையைக் கவிழ்க்க வேண்டும், அப்புறம் ஆறேழு வயது ஆனதும் 'இது பாப்பா யூடியூப், எனக்கு வேண்டாம்' என்ற சண்டை வரும்.

காசு கட்டினால்? யூடியூப் பிரீமியம் 2024 ஆகஸ்டில் விலை ஏறி, தனிநபருக்கு மாதம் 149 ரூபாய், குடும்பத்துக்கு 299 ரூபாய் ஆனது. அம்மா கணக்கில் பிரீமியம் இருந்து, பிள்ளையின் கிட்ஸ் கணக்கு அதோடு சேர்ந்திருந்தால் கிட்ஸிலும் விளம்பரம் நின்றுவிடும். 2025 செப்டம்பரில் 89 ரூபாய்க்கு பிரீமியம் லைட் என்று ஒன்று வந்தது. விலையைப் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள். பாட்டு சார்ந்த வீடியோக்களிலும் ஷார்ட்ஸிலும் தேடும்போதும் விளம்பரம் வரலாம் என்று யூடியூபே சொல்கிறது, சின்னப் பிள்ளைகள் பார்ப்பதில் பாதி பாட்டுத்தானே.

பிரீமியம் எதை நிறுத்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீடியோவுக்கு நடுவே யூடியூப் செருகும் விளம்பரத்தை அது எடுத்துவிடும், வீடியோவே விளம்பரமாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தங்கை பெண்ணுக்குப் பிடித்தது பொம்மை டப்பா பிரிக்கும் வீடியோ. முகம் தெரியாது, நகப்பூச்சு போட்ட இரண்டு கைகள் மட்டும் வரும். பிளாஸ்டிக் உறை கிழியும் சத்தம், டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும் குட்டி அடுப்பு, குட்டிக் குக்கர், குட்டிக் கரண்டி, ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். முடிந்ததும் அடுத்த டப்பா தானாக ஓடும். அதில் விளம்பர இடைவேளையே கிடையாது, ஏனென்றால் முழுவதும் கடை அலமாரிதான். பெரியவர்களுக்கு இது தெரிந்துவிடும், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கதை மாதிரித்தான். காசு வாங்கிச் செய்யும் பதிவுகளில் 'விளம்பரம்' என்று தெளிவாகப் போட வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கி 2021-இல் வழிகாட்டுதல் கொண்டுவந்தது, ஆனால் வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கு மூலையில் போட்ட அந்த எழுத்தால் என்ன பயன்? 149 ரூபாய் கட்டிவிட்டு, பிள்ளையைத் தேடல் பெட்டியோடு தனியாக விட்டால், விளம்பரத்தில் ஒரு பாதியைத்தான் நிறுத்தியிருக்கிறோம்.

மற்ற ஓடிடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் 12 நாடுகளில் விளம்பரத்தோடு கூடிய மலிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் இந்தியா இல்லை, இங்கே காசு கட்டிப் பார்த்தால் நடுவில் இடைவேளை விளம்பரம் வராது. வசனமே அதிகம் இல்லாத 'மைட்டி லிட்டில் பீம்' மாதிரி நிகழ்ச்சிகள் சின்னதுகளுக்குப் பொருத்தம், தமிழில் கேட்கக்கூடியவை குறைவு என்பதுதான் குறை. பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் இந்தியாவிலும் விளம்பரம் போட ஆரம்பித்தது. வருஷத்துக்கு 1,499 ரூபாய் கட்டியவர்களுக்கும்தான், விளம்பரம் வேண்டாமென்றால் மேலே வருஷத்துக்கு 699 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் சேர்ந்து உருவானது. அதன் மலிவுத் திட்டங்கள் எல்லாவற்றிலும் விளம்பரம் உண்டு, போன் ரீசார்ஜோடு இலவசமாக வருவதும் பெரும்பாலும் அந்த வகைதான். எனவே 'நாங்க ஓடிடிக்குக் காசு கட்டுறோம்' என்று சொல்லும் வீட்டில்கூட எந்தத் திட்டம் என்று ஒருமுறை ஆப்புக்குள் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்மார்ட் டிவியின் முகப்புப் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. எந்த ஆப்பும் திறக்காமலே மேலே பெரிதாக ஒரு படத்தின் டிரெய்லர் ஓடும், அதுவும் விளம்பரம்தான். கூகுள் டிவி என்றால் குழந்தைக்குத் தனி புரொஃபைல் போடலாம், அதைச் செய்துவிடுங்கள். டிவி கம்பெனிகளே இலவசமாகத் தரும் சேனல்கள் முழுக்க விளம்பரத்தில் ஓடுபவை, அவற்றை நான் பிள்ளைகளுக்குக் காட்ட மாட்டேன்.

இனி கேபிள். பலரும் இதைத்தான் முதலில் கழித்துக் கட்டுகிறார்கள், நான் இதன் பக்கம் கொஞ்சம் பேச நினைக்கிறேன். கேபிள் டிவி விதிகளின்படி மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. சேனல்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போனதால் விதி கறாராக அமலில் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் சுட்டி டிவியில் வரும் விளம்பரத்தை ஒரே நேரத்தில் ஊரே பார்க்கிறது. பாட்டி பார்க்கிறார், பக்கத்து வீட்டில் பார்க்கிறார்கள், ஆசிரியர் பார்க்கிறார். ஒரு விளம்பரம் வரம்பு மீறினால் யாராவது ஒருவர் கவனித்து ஆஸ்கிக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோ எழுத முடியும். ஓடிடியிலும் யூடியூபிலும் என் பிள்ளைக்கு வந்த விளம்பரம் உங்கள் பிள்ளைக்கு வராது, இரண்டு நிமிடம் கழித்துத் தேடினால் எனக்கே கிடைக்காது, அப்புறம் யாரிடம் எதைக் காட்டிப் புகார் சொல்வது? டிவியில் இடைவேளை என்று ஒன்று வெளிப்படையாக வருகிறது, 'இப்போ விளம்பரம், மியூட் பண்ணு' என்று சொல்லிப் பழக்கவாவது முடியும். ஹாலில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஓடுவதும் ஒரு பாதுகாப்பு.

சட்டமும் இந்தப் பக்கம்தான் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சிப்ஸ், குளிர்பானம் போன்ற நொறுக்குத்தீனிகளின் விளம்பரத்தைக் குழந்தைகள் நிகழ்ச்சியின்போதும் குழந்தைகளுக்கென்றே உள்ள சேனல்களிலும் போடக் கூடாது என்கின்றன. குடித்தால் புத்தி வளரும், உடல் பலம் கூடும் என்று தகுந்த ஆதாரம் இல்லாமல் சொல்லவும் கூடாது. பாலில் கலக்கும் பவுடர்களின் விளம்பரம் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். 2024 ஏப்ரலில்தான் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையிலிருந்து எடுக்கும்படி மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. நாட்டின் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம்!

கேபிளின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. தடை குழந்தைகள் சேனலுக்கு, ஆனால் பிள்ளைகள் சாயங்காலம் பாட்டியோடு சீரியல் பார்க்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சிங்கிங் ஷோ பார்க்கிறார்கள். அங்கே சிப்ஸுக்கும் கோலாவுக்கும் தடை இல்லை. அதனால் கேபிள் வைத்திருக்கும் வீட்டில் பிள்ளைகள் சேனலைவிட சீரியல் நேரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

'சட்டம் மாறப்போகிறதே, காத்திருக்கலாமே' என்று கேட்கலாம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, நிறுவனங்கள் தயாராவதற்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் பார்ப்பது குழந்தை என்று நிறுவனத்துக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும், அப்பாவின் கணக்கில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளை கம்பெனியின் கண்ணுக்கு 38 வயது ஆண்தான். அந்த அவகாசத்துக்குள் மூன்று வயதுப் பையன் பள்ளிக்கூடமும் போய்விடுவான்.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். முதலில், டிவியிலிருந்து மாப்பிள்ளையின் யூடியூப் கணக்கை வெளியே எடு, இதற்குக் காசு வேண்டாம், இன்றைக்கே செய்யலாம். பையனுக்கு யூடியூப் கிட்ஸ், நீயே தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் முறையில். பெண்ணுக்கும் கிட்ஸ்தான், ஆனால் வயதுக்கேற்ற பிரிவில், பொம்மை பிரிக்கும் சேனல்களை ஒவ்வொன்றாகத் தடுத்துவிடு, ஒரு வாரம் அழுவாள், பரவாயில்லை. மாதம் ஒரே ஓர் இடத்தில்தான் காசு கட்ட முடியும் என்றால் உன் கணக்கில் 149 ரூபாய் பிரீமியம் கட்டு, பிரைமுக்கு மேலே கட்டும் 699 ரூபாயை விட இது அதிக நேரம் உபயோகப்படும், ஏனென்றால் உன் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் யூடியூப்தான். நெட்ஃபிளிக்ஸ் ஏற்கெனவே பெரியவர்களுக்காக வைத்திருந்தால் அதில் குழந்தை புரொஃபைல் போட்டுப் பயன்படுத்திக்கொள், பிள்ளைகளுக்காகவே புதிதாக எடுக்க வேண்டாம். கேபிளை நிறுத்தாதே, மாமியாருக்கு வேண்டும், பெண்ணும் பெரியவர்களோடு உட்கார்ந்து சுட்டி டிவி பார்க்கட்டும், நடுவில் விளம்பரம் வந்தால் 'இதை எதுக்குக் காட்டுறாங்கன்னு நினைக்கிற?' என்று கேளு, ஏழு வயதை நெருங்கும்போது அந்தப் பேச்சு புரிய ஆரம்பிக்கும்.

காசே கட்ட முடியாத வீடுகளுக்கும் வழி உண்டு. கிட்ஸில் தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் முறையே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். அதோடு பெரியவர்களின் கூகுள் கணக்கில் 'என் விளம்பர மையம்' என்ற பகுதிக்குள் போய் மது, சூதாட்டம், டேட்டிங், எடைக்குறைப்பு ஆகிய விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லி வையுங்கள். முழுசாக நிற்காது, குறையும்.

கிரிக்கெட்டுக்கு மட்டும் எந்தத் திட்டமும் உதவாது. ஜியோஹாட்ஸ்டாரில் விலை உயர்ந்த திட்டத்திலும் நேரலை விளையாட்டில் விளம்பரம் உண்டு. ஐபிஎல் நேரத்தில் வேறு பொருளின் பெயரில் வரும் புகையிலை, மதுபான பிராண்டுகளின் மறைமுக விளம்பரங்களையும் நிறுத்தச் சொல்லி 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத்துறையே ஐபிஎல் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பிள்ளையோடு மேட்ச் பார்ப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது, வீடே சேர்ந்து கத்துவது நல்ல அனுபவம். ஓவர் முடிந்ததும் மியூட், விக்கெட் விழுந்ததும் மியூட், ரிமோட் பெரியவர் கையில்.